நடந்து வந்த நாற்காலி வரிசை

டாக்டர் பிரபாகர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது நடக்கும். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் அவர் கிளினிக் திறந்த மூன்றாம் மாதமே இது தெரிந்துவிட்டது. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், நாற்காலி அவரைச் சுமந்துகொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும். ஆம்புலன்ஸ் நுழையாத சந்துகளில் இது சௌகரியமாகத்தான் இருந்தது. மனுஷன்தான் பாவம், பதினோரு வருஷமாக ஒரு வேளைச் சோற்றைக்கூட உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டதில்லை.

குப்பத்துக் குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வந்தது. வாந்தி பேதிக்கு மருந்து கொடுத்தே அலுத்துப்போனவர், குழாயை மாற்றாமல் இது தீராது என்று தேர்தலில் நின்றார். ஊர்க்கூட்டம் கைகாட்டியவருக்கே மொத்தக் குப்பமும் ஓட்டுப் போடும், ஜெயித்தார். கவுன்சிலராகி என்ன பிரயோஜனம்? குழாய்த் தீர்மானம் வந்த மூன்று கூட்டத்திலும், கைதூக்கும் நேரம் பார்த்து நாற்காலி அவரை வெளியே கொண்டுபோனது. மூன்று முறையும் தீர்மானம் ஒரே ஓட்டுக் குறைந்து தோற்றது. மூன்றாவது தோல்விக்கு மறுவாரம், மீன் விற்கும் தேசம்மாவின் தங்கை பேதியில் செத்துப்போனாள்.

நாலாம் கூட்டத்துக்கு முந்தின நாள் தேசம்மா கறாராகச் சொன்னாள்: "நாளிக்கு எவன் செத்தாலும் வராத, டாக்டரு. கையத் தூக்கிட்டு வா."

காலையிலேயே படகுக்காரர் அங்கமுத்து கவுன்சில் கூடும் நந்தனம் அரங்குக்குப் போய், டாக்டரின் நாற்காலியைப் மற்ற எல்லா நாற்காலிகளோடும் சேர்த்து வரிசையாகக் கட்டினார். பழக்க தோஷம், படகுக்குப் போடும் முடிச்சையே போட்டுவிட்டார். இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது.

பதினொன்றேகாலுக்கு தேசம்மாவுக்கே பேதி கண்டது. நாற்காலி புறப்பட்டது. கூடவே கூட்டத் தலைவரும் பதினாறு கவுன்சிலர்களும் உட்கார்ந்தபடியே படியிறங்கினார்கள். எழுந்து இறங்கியிருக்கலாம், ஒருவரும் நாற்காலியை விடவில்லை. லஸ் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது வரிசை ஒழுங்காக நின்றது. அங்கமுத்து தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

தேசம்மா வீட்டு வாசலில் வரிசை நின்றது. டாக்டர் உள்ளே ஓடி அவளுக்கு டிரிப் ஏற்றினார். கண்ணைத் திறந்தவளுக்கு அவரைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. பிறகு வாசலைப் பார்த்தாள். வெயிலில் வந்தவர்களுக்குக் குடத்துத் தண்ணீரைக் கொடுக்கும்படி அங்கமுத்துவிடம் சொன்னாள்.

படுத்தபடியே அவர்களுக்கும் குரல் கொடுத்தாள்: "குடிங்க நைனா. எங்க புள்ளைங்க குடிக்கிற தண்ணிதான்."

ஒருவரும் வாயருகே கொண்டுபோகவில்லை. தலைவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தீர்மானத்தை வாசித்தார். எல்லாக் கைகளும் மேலே போயின. டாக்டரின் இரண்டு கைகளும் டிரிப் பாட்டிலைப் பிடித்திருந்ததால் அவருடைய ஓட்டு மட்டும் பதிவாகவில்லை.

கூட்டம் நடந்த இடம் தேசம்மா வீட்டு வாசல் என்றே குறிப்பில் எழுதினார்கள். டாக்டர் கிளம்பினால் கூட்டமும் கூடவே போகட்டும் என்று, இப்போதெல்லாம் அரங்கில் நாற்காலிகளைக் கட்டித்தான் போடுகிறார்கள். மாதம் ஒருமுறை அங்கமுத்து போய்க் கயிறு மாற்றிவிட்டு வருகிறார்.