கோமளா பிடுங்கிய நெல்

1.

இந்தக் கதை ஒரு கடை வரிசையில் நின்றபோது கிடைத்தது. உண்மையைச் சொல்வதானால், திருடியது. சேக்காட்டில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் தரைக்கற்களுக்கு நடுவே புல் முளைத்துவிட்டது. எதையாவது தெளித்து ஒழிக்க வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

பூந்தமல்லியில் யூசுப் பாயின் மருந்துக் கடை. (பயிர்களுக்கான மருந்து.) எனக்கு முன்னால் ஒரு பெண்மணி, கையில் கவர் நிறையப் புல்லோடு நின்றிருந்தார். அவர் பேசியதில் பத்து நிமிடம் என் காதில் விழுந்தது. அந்தப் பத்து நிமிடம் கேட்டது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பெயர்கூட நான் வைத்ததுதான்: கோமளா.

2.

முதல் வரிக்குக் கொஞ்சம் திண்டாடினேன்.

‘கதிரவன் தன் பொற்கரங்களால் குத்தம்பாக்கத்துக் கழனிகளை—’

எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

‘களைகள் மூவகைப்படும். அவையாவன—’

பரீட்சை வாசனை அடிக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

கோமளாவுக்கு நாற்பத்தாறு வயது. பாடியில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாகச் சோதனைப் பிரிவில் வேலை. இரும்பு உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவாள். (கடையில் ‘அவர்’ ஆக நின்றவர் கதைக்குள் நுழைந்ததும் ‘அவள்’ ஆகிவிட்டார். பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்கதோஷம்.)

கணவன் லட்சுமணனுக்குக் குத்தம்பாக்கத்தில் நாற்பது சென்ட் கழனி. அப்பா பிரித்துக் கொடுத்தது. அதை ஒட்டிய நாற்பது சென்ட் அவன் தங்கை பார்வதத்துக்கு. நடுவில் ஒரு வரப்பு. இந்த வருடம் நடவுக்கு ஆள் கிடைக்காமல் நெல்லை நேரடியாகவே விதைத்தார்கள். விதைத்த மறுநாள் லட்சுமணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். நாலு மாதம் குனியக்கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

“களைதானே? நான் பாத்துக்கறேன்” என்றாள் கோமளா. இரும்பில் கீறல் கண்டுபிடிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா?

3.

விதைத்து இருபத்தைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வரிசை என்று எதுவும் இல்லாமல் கழனி முழுக்க ஒரே பச்சை. செல்போன் செயலியில் ஒரு செடியைப் படமெடுத்துக் கேட்டாள். ‘புல் குடும்பம்’ என்றது. பக்கத்துச் செடியைக் காட்டினாள். ‘புல் குடும்பம்.’ செயலியைக் குறை சொல்ல முடியாது. நெல்லும் புல் குடும்பம்தான்.

போனை இடுப்பில் செருகிவிட்டுச் சொந்தமாக யோசித்தாள். உயரமாக, கொழுகொழுவென்று நிற்பது நாம் உரம் போட்டு வளர்த்த பயிர். மெலிந்து, குட்டையாக நிற்பது களை. அளவு குறைந்ததை ஒதுக்கு. தொழிற்சாலையிலும் அதுதானே சட்டம். மதியத்துக்குள் ஒரு மூலையைத் துப்புரவாக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பெருமையாக இருந்தது.

வரப்புக்கு அந்தப் பக்கம் பார்வதம் நின்றிருந்தாள். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கோமளாவின் மகள் ஸ்வாதியின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது அத்தைக்காரியை யாரும் கூப்பிடவில்லை. அன்றைக்கு மண்டபத்தை விட்டுப் போனவள்தான். அதனால் இப்போதும் அவள் கோமளாவிடம் பேசவில்லை. கழனியில் நின்ற கொக்கிடம் பேசினாள்.

“இன்னா கொக்கு, பாத்துகினு கீறியா? சில பேரு நெல்ல புடுங்கி கடாசிட்டு புல்ல வளத்துகினு கீறாங்கோ.”

கொக்கு பறந்துவிட்டது. கோமளாவால் பறக்க முடியவில்லை. பொறாமையில் சொல்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள், நம்ப முடியவில்லை. பிடுங்கிப் போட்டதில் ஒரு கைப்பிடி, நிற்பதில் ஒரு கைப்பிடி எடுத்துக் கவரில் திணித்துக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸைப் பிடித்தாள்.

4.

இதோ, என் பத்து நிமிடம்.

“பாய், களைக்கு மருந்து குடுங்க.”

“இன்னா களைம்மா? புல்லா, கோரையா, அகல எலையா?”

“களைங்க.”

“அப்டி சொன்னா எப்டி? புல்லுக்கு அடிக்கறது கோரைய தொடாது. ஆளு யாருன்னு தெரிஞ்சாத்தான் மருந்து.”

கவரை மேசையில் கொட்டிப் பிரித்தார். “இது குதிரைவாலிப் புல்லு.* இது நெல்லு. எத்த புடுங்குன?”

கோமளா நெல்லைக் காட்டினாள்.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. (நான் சிரித்தேன். இருமலாக மாற்றிக்கொண்டேன்.)

“சரி பாய், புல்லுக்கே குடுங்க.”

“முத்திப்போச்சும்மா. கெளை உட்டுக்கீது. இப்ப அடிச்சா அதுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வரும், எழுந்து உக்காந்துக்கும். வெதச்ச வாரத்துலயே வந்திருக்கணும். இனிமே கைதான். பூ உடறதுக்குள்ள புடுங்கிடு. வெத கொட்டிச்சுன்னா அடுத்த வருசமும் அதுங்கூடத்தான் மல்லுக்கட்டணும்.”

* சாப்பிடும் குதிரைவாலித் தானியத்தின் காட்டுச் சொந்தம். நெல்லுக்கு நடுவே நெல் மாதிரியே நின்று, நெல்லின் உரத்தைத் தின்று, நெல்லைவிட வேகமாக வளரும்.

[விற்காமல் அனுப்புகிற கடைக்காரர் நம்பும்படி இல்லை என்கிறாள் என் மனைவி. எனக்கும் அவர் எதையும் விற்கவில்லை. “கார் நிக்கற எடத்துக்கு மருந்தா? குனிஞ்சு புடுங்கு சார், தொப்பை கரையும்.”]

5.

கோமளா கடையை விட்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது. முதலில் அவளை அடுத்த ஞாயிறு வரை காக்க வைத்தேன். அதற்குள் புல் பூத்துவிடுமோ என்று எனக்கே பதற்றமாகிவிட்டது. திங்கட்கிழமையே லீவு போட வைத்தேன்.

வரப்பருகே வெகுநேரம் நின்றாள். செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

“பார்வதம்… நீ எப்டி கண்டுபிடிக்கற?”

பார்வதம் கொக்கைத் தேடினாள். கொக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

“பாத்தா தெரியும்.”

“எனக்குத் தெரியலையே.”

பார்வதம் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். “இது புல்லு. இது நெல்லு. இது புல்லு.” கை தானாகப் போனது. எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

கோமளா இரண்டிலும் ஒவ்வொன்றை வாங்கி, வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரும்பைப் பார்க்கிற அதே கண். இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தில் நெல்லுக்கு வெள்ளையாக ஒரு சவ்வு. அதன் இரு பக்கமும் மயிர் முளைத்த குட்டிக் காதுகள். புல்லில் அந்த இடம் மொட்டையாக இருந்தது.

“நெல்லுக்குக் காது இருக்கு பாரு!”

பார்வதம் வாங்கிப் பார்த்தாள். நம்பாமல் இன்னும் இரண்டைப் பிடுங்கிப் பார்த்தாள். “ஆமா அண்ணி! இத்தினி வருசமா புடுங்கறேன், இத்த பாத்ததேயில்ல.”

‘அண்ணி’ வாயில் வந்துவிட்டது. இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி குனிந்துகொண்டார்கள்.

(முதல் பிரதியில் இங்கே கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த வரியை அடித்துவிட்டேன். கையெல்லாம் சேறு.)

பாதிக் கழனி முடிந்தபோது பார்வதம் நிமிராமலே கேட்டாள்:

“அன்னிக்கு தட்டு மாத்த என்னிய ஏன் கூப்பிடல?”

“மறந்துட்டேன் பார்வதம். சத்தியமா மறந்துட்டேன்.”

பார்வதம் நாலு புல்லைப் பிடுங்கிப் போட்டாள்.

“நீ வேணும்னே பண்ணேன்னு நென்ச்சுகினு இருந்தேன். மறந்துட்டேன்ற. எது மோசம்னு தெர்லியே.”

“மறந்ததுதான் மோசம்” என்றாள் கோமளா.

“ம். அந்தாண்டை மூலைய நீ புடி.”

6.

மூன்று நாளில் புல் ஒழிந்தது. கோமளா மொட்டையாக்கிய மூலையில், பார்வதம் தன் கழனியில் நெருக்கமாக நின்ற பயிரைப் பிடுங்கி வந்து ஊன்றினாள். அந்த மூலை மட்டும் பத்து நாள் பிந்தி முற்றியது. மற்றபடி விளைச்சல் சோடையில்லை. லட்சுமணன் குனியாமல் நின்று அறுவடையைப் பார்த்தான்.

முடிவுக்கு இரண்டு யோசனைகள் வைத்திருந்தேன். ஒன்றில், கழனியை வாங்கி வீட்டுமனை போடுகிறவர்கள் வருகிறார்கள், இருவரும் விரட்டுகிறார்கள். நம் பக்கத்தில் அவர்கள் விரட்டினால் போகிற ஆட்கள் இல்லை. இன்னொன்றில், கோமளா வேலையை விட்டுவிட்டு முழுநேர விவசாயி ஆகிறாள். கேட்டுப் பார்த்தேன், அவள் சம்மதிக்கவில்லை.

ஆகவே என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். அறுவடைக்கு மறுவாரம். வரப்பின் சரி நடுவில், யார் பக்கமும் சாயாமல், ஒரு செடி. ஊதாத் தண்டு, வட்ட இலை, உச்சியில் விரியாத ஒரு மொட்டு. பக்கத்தில் கட்டுகிற புது பஸ் நிலையத்துக்கு மண் அடித்த லாரியிலிருந்து விழுந்த விதையோ என்னவோ. பார்வதத்தின் கை அதனருகே போய் நின்றுவிட்டது.

“இன்னாதுன்னு தெர்லியே அண்ணி.”

கோமளா இலையைப் புரட்டிப் பார்த்தாள், கிள்ளி முகர்ந்தாள். அவளுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, நான் இட்டுக்கட்டிய செடிதான், ஆனாலும் தெரியாது. நாளைக் காலைக்குள் மொட்டு விரிந்துவிடும் போலிருக்கிறது. கோமளா தண்டின் அடியைப் பிடித்துவிட்டாள். இழுத்தால் வந்துவிடும், மண் ஈரமாகத்தான் இருக்கிறது.

“புடுங்கிடட்டுமா?”

இருவரும் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறார்கள்.