தண்ணீர் காட்டாத வழக்கம்

என் ஓரகத்திக்கு வாய் நீளம். ஆறு சினைப்பன்றிகளுக்கு நான் சிமெண்டுத் தரை போட்டு, தகரக் கூரை வேய்ந்து, தனித்தனி அறை கட்டியதும், "பன்னிக்குப் பங்களாவா? எங்க வீட்டையும் அதுங்களுக்கே குடுத்துட்டு நாங்க தெருவுல நிக்கிறோம்" என்றாள். அவளுடைய இரண்டு பன்றிகள் பிறந்ததிலிருந்தே தெருவில்தான் நிற்கின்றன. மேய்வதும் அவற்றின் பாடு, படுப்பதும் அவற்றின் பாடு.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பார், அதில் இரண்டு நாள் தூங்குவார். ஆறும் நல்லபடியாகக் குட்டி போட்டால் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். இன்னும் பத்து நாள்தான்.

தீவன வண்டிக்காரன் எங்கள் மண்பாதையில் இறங்கவே மாட்டேன் என்றான். மழையில் ஒருமுறை சக்கரம் புதைந்துவிட்டதாம். மூட்டை தீர்ந்ததும் ஆலை கேன்டீனில் மிஞ்சிய சோற்றையும் உப்பு மீனையும் வாங்கி வந்து இரண்டு நாள் போட்டேன். காலங்காலமாக எல்லாரும் போடுவதுதான். ஓரகத்தியின் பன்றிகளும் பங்குக்கு வந்து தின்றன.

மூன்றாம் நாள் காலை கொட்டகைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். முதல் அறையில் இருந்தது நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றது. கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை. அடுத்தது ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று குந்தி உட்கார்ந்து வெறும் வாயை மென்றது. டாக்டருக்குப் போன் போடும்போது எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன்.

மூக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும் சிறு குழாய் ஒவ்வோர் அறையிலும் உண்டு. ஒன்றை விரலால் அழுத்தினேன். காற்றுதான் வந்தது. குழாய்களுக்குத் தண்ணீர் விடும் தொட்டியின் அடியில் சேறு அடைத்திருந்தது. எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவோம், கோழிக்குக்கூட ஒரு தட்டில் வைப்போம். பன்றிக்குக் காட்டும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அது தானே சாக்கடையைத் தேடிப் போய்விடும். கதவைச் சாத்திய பாவி நான், சாக்கடையை நினைக்கவே இல்லை!

வாளி வாளியாக ஊற்றினேன். ஓரகத்தியும் ஓடிவந்து கிணற்றிலிருந்து சேந்திக் கொடுத்தாள். மூச்சுவிடாமல் குடித்தன.

"எவ்வளவு தாகம் பாரேன். வயிறு முட்டக் குடிக்கட்டும்டி" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் குடித்தது தடாலென்று சாய்ந்தது. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பிறகு அதற்கு அடுத்தது. நான் அறைக்கு அறை ஓடினேன், எதற்கு ஓடுகிறேன் என்று தெரியாமலே.

டாக்டர் வந்தபோது ஐந்து அடங்கிவிட்டிருந்தன.

"உப்பைத் தின்னுட்டுத் தண்ணியில்லாம இருந்தா மூளையில உப்பு ஏறிடும்மா. அந்த நேரத்துல திடீர்னு நெறையக் குடிச்சா மூளை வீங்கிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும். யாரு இவ்வளவு தண்ணி வெச்சது?"

வாய் நீளமான என் ஓரகத்தி கையிலிருந்த வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் ஈரச் சேலையோடு நின்றேன். அவளுடைய இரண்டும் சாக்கடையில் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தன. அவற்றின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

கடைசி அறையில் மட்டும் வாளி கவிழ்ந்துபோனதால் ஒன்று பிழைத்துக் கிடந்தது. அரை மணிக்கு ஒரு செம்பு, அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது கம்பியைக் கடித்துக்கொண்டு கத்தியது.

வீட்டுக்காரர் போன் பண்ணினார். "என்ன அங்க இவ்வளவு சத்தம்?"

"தண்ணி கேக்குது."

"குடுத்துத் தொலையேன். வாயில்லா ஜீவன்."

"குடுத்தேங்க," என்றேன். "அஞ்சுக்குக் குடுத்தேன்."