மரியாதை தெரிந்த சர்க்யூட்

இந்தோனேசியாவில், பாண்டுங்கில் என் பொறுப்பில் இருந்த ஆய்வகத்தில் மரியாதை தெரிந்த சர்க்யூட் ஒன்று இருந்தது. ஆசிரியர் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டால் எண்ணும். கையை விட்டால் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைச் சொல்ல ஆரம்பித்தாலே என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள். போகட்டும்.

அது டிஜிட்டல் சர்க்யூட் செய்முறைத் தேர்வு. தேர்வாளர் இபு ஹர்தினி. எங்கள் ஊரில் பெண்களை இபு என்றும் ஆண்களை பாக் என்றும்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். அந்த அம்மாள் கதவைத் திறந்தாலே கெப்பாசிட்டர்கள் பயத்தில் தேக்கிய மின்சாரத்தைக் கக்கிவிடும். அவருடைய சட்டம் எல்லோருக்கும் தெரியும்: மணி அடித்தபின் ஒரு கம்பியையும் செருகவோ பிடுங்கவோ கூடாது. அவர் கண்முன்னால் ஒரு தடவையாவது ஓடிய சர்க்யூட் என்றால், கோளாறு எங்கே என்று மாணவரே சொன்னால், ஒரே ஒரு கம்பி போட்டுத் திருத்த விடுவார். ஓடவே இல்லையென்றால் தோல்விதான்.

ரின்ரின் என்ற பெண்ணுக்கு அது கடைசி வாய்ப்பு. தோற்றால் அடுத்த வருஷம் அந்தப் பாடம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். பாத்தாம் தீவில் ஒரு தொழிற்சாலை அவளுக்காக வைத்திருந்த வேலையும் வேறு யாருக்காவது போய்விடும். அவள் செய்ய வேண்டியிருந்தது என்னவோ சின்ன வேலை. ஒரு மின்னணுச் சில்லையும் ஒரு எண் விளக்கையும் துளை வரிசைகள் உள்ள பலகையில் செருகி, பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை எண்ண வைக்க வேண்டும்.

மணி அடித்தபோது விளக்கில் பூஜ்யம் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

இபு அவள் மேஜைக்கு வந்தார். காலையிலிருந்து நின்ற அலுப்பு. பின்னாலிருந்த இரும்பு பீரோவின் கைப்பிடியை இடது கையால் பிடித்துச் சாய்ந்துகொண்டார். வலது கையை நீட்டினார். எங்கள் பிள்ளைகள் தூக்குமேடையில் நிறுத்தினாலும் முதலில் ஆசிரியர் கையை வாங்கி நெற்றியில் வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். ரின்ரினும் வாங்கினாள். இடது கை பலகையை அழுத்திப் பிடித்திருந்தது, ஏனென்றால் எங்கள் மேஜைகள் பக்கத்து எரிமலை தும்மினாலே ஆடும். அந்தப் பெண் கம்பிகளை வேறு அளவுக்கு மீறிச் சீவுவாள். பாதிக் கம்பி அம்மணமாகவே நிற்கும். அப்படி ஒரு கம்பிமேல் அவள் விரல் இருந்தது.

நெற்றியில் கை பட்டதும் விளக்கு எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இபு அந்த நேரம் பார்த்து அடுத்த மேஜையில் கிசுகிசுத்தவர்களை முறைத்துக்கொண்டிருந்தார். திரும்பிக் கையை உருவிக்கொண்டார். பூஜ்யம்.

ஓடியது, நாங்கள் பார்த்தோம் என்று பையன்கள் முனகினார்கள். தான் பார்க்காதது நடக்காதது என்றார் இபு. நானும் பார்த்தேன் என்று நடுவில் புகுந்தேன். அவளுடைய வழக்கு அங்கேயே படுத்துவிட்டது.

"பாக் எங்கோஸ், போன மாசம் பல்லி ஒண்ணு பவர் சப்ளையை ரிப்பேர் பண்ணுச்சுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஒண்ணு இல்ல இபு. ரெண்டு."

ரின்ரின் எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இபு, இன்னொரு தரம் கையைக் குடுங்க."

"எதுக்கு? மார்க்குக்கா, ஆசீர்வாதத்துக்கா?"

கொடுத்தார். ரின்ரின், இடது விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமலே, குனிந்து ஒற்றிக்கொண்டாள். பூஜ்யம் அசையவில்லை. மனசாரக் கும்பிடச் சொல்லிப் பின்வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான், எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இபுவின் இடது கை இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். இடுப்பில் இருந்தது.

"முன்ன நின்ன மாதிரியே நில்லுங்க இபு. அந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு."

"நான் பரீட்சை எடுக்க வந்தேனா, போட்டோவுக்கு நிக்க வந்தேனா?"

கேட்டுக்கொண்டே பிடித்தார். விளக்கு ஒன்பதுவரை போய், திரும்பவும் பூஜ்யத்திலிருந்து கிளம்பியது. அப்போது விழுந்த அமைதி ஜகார்த்தாவரை கேட்டிருக்கும். இபு கைப்பிடியை விட்டார், பூஜ்யம். பிடித்தார், எண்ணியது. விட்டார், பிடித்தார், விட்டார். சோதனைக்குத் தேவையான அளவைத் தாண்டியும் அவர் நிறுத்தவில்லை.

"ஏன்?" என்றார் கடைசியில்.

"பீரோ எர்த்ல இருக்கு. பீரோலேருந்து உங்களுக்கு, உங்ககிட்டேருந்து எனக்கு, என் விரல்லேருந்து இந்தக் கம்பிக்கு. இந்தக் கம்பி போய்ச் சேர்றது சில்லை பூஜ்யத்துக்குத் திருப்புற கால்ல. அந்தக் கால் எர்த்தைத் தொட்டாத்தான் சில்லு எண்ணும். இப்ப நாம ரெண்டு பேரும்தான் அதைத் தொட வைக்கிறோம்."

அந்தக் கம்பியை எர்த் வரிசையில்தானே செருகியிருக்கிறாய் என்று இபு விடாமல் கேட்டார். ரின்ரின் பலகையின் ஓரத்தில் எர்த் வரிசையைக் காட்டி ஓடும் நீலக் கோட்டின்மேல் விரலை வைத்து நகர்த்தினாள். நட்டநடுவில் நிறுத்தினாள். எங்கள் பழைய பலகைகளில் அந்த வரிசை ஒரே நீளம்போலத் தெரியும். உள்ளே இரண்டு துண்டு. வருஷம் தவறாமல் யாராவது அதில் விழுவார்கள். விழுந்தவர் தானே எழுந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

"இங்க கோடு விட்டுப் போயிருக்கு இபு. இந்தப் பாதிக்கு எர்த்தே வரல. ரெண்டையும் சேர்க்க ஒரு கம்பி போதும்."

கம்பி அவள் கையில் தயாராக இருந்தது. செருகவில்லை. இபுவின் முகத்தைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். சட்டப்படி, சர்க்யூட் முதலில் அவர் கண்முன்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடியது என்று சொன்னால், ஒரு மாணவியும் ஒரு பேராசிரியையும் ஒரு பீரோவும் அந்த சர்க்யூட்டின் உதிரிபாகங்கள் என்று வகுப்புக்கு முன்னால் ஒத்துக்கொண்டதாகும். அதைவிட மோசம், எங்கோஸ் சொன்னது உண்மை என்றாகும்.

இபு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஓடுச்சு," என்றார். "என் கண்ணு முன்னாலதான். என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் ஓடுச்சு. கம்பியைப் போடும்மா."