மக் கேக்கில் யார் உப்பு

ஜெரால்டும் நானும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டோம். அவன் அப்பா இராயப்பன், என்னை மருமகளாக வேண்டாமென்று சொல்லத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தனியாக வந்து சொல்லக் கூச்சமோ என்னவோ, ஜெரால்டையும் கூட்டி வந்திருந்தார்.

அவருடைய உப்பளமும் என் அப்பா லாரன்சின் உப்பளமும் பக்கத்துப் பக்கம். நடுவில் ஒரு வரப்பு. அது யாருடையது என்பதில் இருவருக்கும் நெடுநாள் சண்டை. ஒருவர் அளத்து உப்பை மற்றவர் நாக்கில் வைப்பதில்லை.

“காபியாவது குடிங்க” என்றாள் அம்மா.

“முடிவாகாத வீட்டுல கை நனைக்கக் கூடாதுங்க. நனைச்சா சம்மதம்னு ஆயிடும்.”

“அப்பா, கிறிஸ்டி மக் கேக் செய்வா. ரெண்டே நிமிஷம். ஸ்பூன்ல சாப்பிடுறது, கை நனையாது” என்றான் ஜெரால்டு.

“மக்குலயா? குளிக்கிற மக்குலயா?”

“காபி குடிக்கிற மக்குப்பா.”

“ரெண்டு நிமிஷத்துல இட்லியே வேகாதுடா.” ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

மக்கில் மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், எண்ணெய் எல்லாம் போட்டேன். வீட்டில் பழம் இல்லை. மிக்ஸ்டு ஃப்ரூட் ஜாம் இருந்தது, அதில் ஒரு ஸ்பூன் போட்டேன்.

“என்ன பழம்மா?” என்றார் இராயப்பன்.

“எல்லாப் பழமும்” என்றேன், மக்கைப் பார்த்து.

ஜெரால்டு செல்போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்தான். “அப்புறம் ஒரு சிட்டிகை உப்பு.”

படித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

“யாரு உப்பு?” என்றார் இராயப்பன்.

“என் வீட்டுல என் உப்புதான்” என்றார் அப்பா.

“அப்போ நான் கிளம்புறேன்.” எழுந்தவர், வியாபாரிக்குக் காட்ட வைத்திருந்த உப்புப் பொட்டலத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். “இல்லேன்னா, இதைப் போடச் சொல்லு.”

“என் பொண்ணு மக்குல உன் உப்பா?”

இரண்டுமே சோடியம் குளோரைடு. நான் வேதியியல் படித்தவள். ஆனால் பெரியவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பால் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினேன். மறுபடி வந்தபோது இருவரும் மேசையிலிருந்து தள்ளி நின்றார்கள். அப்பா உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். இராயப்பனின் பொட்டலம் காலியாக இருந்தது. மைதாவின் மேல் இரண்டு உப்புக் குவியல்கள்.

கொட்டிவிட்டு வேறு கலக்கலாம். அதற்குள் இராயப்பன் கிளம்பிப் போய்விடுவார். கலக்கி மைக்ரோவேவில் வைத்தேன். மக் சுற்றுவதை எல்லோரும் மாதா கோயில் நடுப்பூசையில் நிற்பதுபோல் நின்று பார்த்தோம். கேக் விளிம்புக்கு மேல் எழும்பியது.

“யாரு உப்பும்மா போட்ட?” இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அப்பாவையும் நான் நீங்க என்றுதான் சொல்வேன். தரையைப் பார்த்துக்கொண்டு, “உங்களுதுதான்” என்றேன்.

இரண்டு முகமும் மலர்ந்தன.

இராயப்பன் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். கண் லேசாகப் பிதுங்கியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“எப்படி?” என்றார் அப்பா.

“உப்புன்னா இதுதான்யா உப்பு.”

அப்பாவும் ஒரு வாய் எடுத்தார். வெகுநேரம் மென்றார். “ஆமா. இந்த மாதிரி உப்பு வேற எவன் அளத்துல விளையும்?”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

போட்டி போட்டு இன்னும் இரண்டு ஸ்பூன் தின்றார்கள். பிறகு மக்கை ஜெரால்டிடம் நீட்டினார்கள். அவன் ஒரு வாய் தின்றான். கண்ணில் நீர் வந்தது.

“என்னடா?” இருவரும் முறைத்தார்கள்.

“இனிப்புதான் கொஞ்சம் தூக்கலா இருக்குது.”

“சின்னப் பொண்ணு, போகப்போக சரியாயிடும்” என்றார் இராயப்பன். “என் உப்பு இந்த வீட்டுக்குள்ள வந்துடுச்சு. இனிமே இந்தப் பொண்ணு என் வீட்டுக்கு வர்றதுல என்ன இருக்குது? லாரன்சு, சாமியாரைப் பாத்து வர்ற ஞாயித்துக்கிழமையே கோயில்ல மொத கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லு.”

அப்பா அம்மாவின் காதில், “என் உப்பைத் தின்னுட்டான்ல, இனி எதிர்த்துப் பேச மாட்டான்” என்றார்.

“கல்யாண கேக்கும் மருமகதான் செய்யணும். இதே அளவு, மாத்தக் கூடாது. உப்பு மூட்டை நான் அனுப்புறேன்” என்றார் இராயப்பன்.

“நீ எதுக்கு அனுப்புற? அது பொண்ணு வீட்டுச் செலவு.”

இருவரும் வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெரால்டு வாயைத் திறக்காமல் தண்ணீர்ப் பானையைக் கை காட்டினான். நான் சொம்போடு கொடுத்தேன்.