பெரியகருப்பன் இடுப்புச் சாவி

"ஒந்தம்பி கிறுக்கன்தானத்தா வெட்டிருக்கான்! போலீசு வர்றதுக்குள்ள நீயே ஒப்படைச்சிரு!"

தெருப் பெரியவர் பெரியகருப்பன், அன்னக்கொடி வீட்டு வாசலில் நின்று கத்தினார். அவளும் சளைக்கவில்லை.

"சங்கிலியில கெடக்குறவன் எப்படி மாமா வெட்டுவான்?"

ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் காவலாளி சுருளியைப் பின்னாலிருந்து யாரோ அரிவாளால் வெட்டிவிட்டு, ஒரு மூட்டையைத் தூக்கிப் போயிருந்தார்கள். தெரு விடிவதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டது: அன்னக்கொடியின் தம்பி சோணைதான். சோணைக்குக் காதில் குரல் கேட்கும்; அதோடு சண்டை போடுவான், சிரிப்பான். வேறு குற்றம் கிடையாது. ஆனாலும் பொம்பளைப் பிள்ளைகள் நடமாடும் தெரு என்று போன வருசமே அவனைத் தூணில் பூட்டியாயிற்று. அக்காக்காரி இரக்கப்பட்டு அவிழ்த்துவிடுவாள் என்று சாவியைப் பெரியகருப்பனே வைத்துக்கொண்டார்.

"கிறுக்குக்குப் பூட்டு எம்மாத்திரம்? கழட்டிட்டுப் போயிருப்பான்."

"போனவன் திரும்பி வந்து தன்னையே பூட்டிக்கிட்டானாக்கும்? சாவி ஒங்க அரணாக்கயித்துலதான தொங்குது?"

கூட்டம் மொத்தமும் அவர் இடுப்பைப் பார்த்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியகருப்பன் துண்டை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் ஒரு ஜீப்பை மடக்கினார்கள். மலையிலிருந்து இறங்கவேண்டிய ஏலக்காய் மலையேறினால் எவனுக்குத்தான் சந்தேகம் வராது? மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவன் பெரியகருப்பனின் மகன் வெள்ளைத்துரை.

அன்றைக்கே அப்பனுக்கு ஞானோதயம். "பயலுக்குச் சின்னதுலருந்தே சித்தம் சரியில்லீங்க." மதுரை வக்கீலும் அதையே சொன்னார். வழக்கு நீர்த்துப்போனது. "பாவம், நோவு செஞ்சதுக்கு அவன் என்ன பண்ணுவான்?" என்று உச்சுக் கொட்டியதும் அதே தெருதான். அவனுக்கு ஒருவரும் சங்கிலி கொண்டுவரவில்லை.

அன்னக்கொடி சாவி கேட்டுப் போகவில்லை. கொல்லரைக் கூட்டிவந்து சங்கிலியை அறுத்து, பெரியகருப்பன் வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

"சித்தம் சரியில்லாத பிள்ளைய வச்சிருக்கீக மாமா. இனி ஒங்களுக்குத்தான் தேவப்படும்."

அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை, கிறுக்கு வீட்டில் பெண்ணெடுக்க மாட்டோம் என்று வேறிடம் கட்டிக்கொண்டான். அவள் தம்பியோடு குரங்கணிக்குப் போய்க் காப்பிக்காடுகளில் வேலை பார்க்கிறாள். சோணை இன்னமும் காதில் கேட்கும் குரலோடுதான் சண்டை போடுகிறான்.

வெள்ளைத்துரைக்கு ராசிங்காபுரத்தில் மேளதாளத்தோடு கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் தலையில் காயக்கட்டோடு தாய்வீட்டுக்கு ஓடியபோது, தெரு அவளைத்தான் ஏசியது: "சித்தம் தெளிஞ்ச ஆம்பளைன்னா ரெண்டு அடி அடிக்கத்தான் செய்வான். கிறுக்குச் சிறுக்கி, இதுக்குப்போயி ஓடுறாளே?"