விளக்குக்கு நின்றவள்

"பேட்டி முடியிற வரைக்கும் அண்ணி சமையலறையைத் தாண்டி வரக் கூடாது," என்று தயாரிப்பாளரின் மனைவி கணவனிடம் சொன்னாள். கணவனின் அக்காவான அந்த அண்ணி எதிரிலேயே நின்று அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

தயாரிப்பாளர் தலை நிமிரவில்லை. "சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்கக்கா. சின்னவ கல்யாணம் முடியட்டும், அப்புறம் யாரு கேக்கப் போறா?"

"மூத்தவ கல்யாணத்துக்கும் இதையேதான் சொன்னே," என்றாள் அக்கா. காலரை ஒருமுறை அழுத்தித் தேய்த்துச் சட்டையை நீட்டினாள்.

அவள் செய்த குற்றம் இதுதான். பதினெட்டு வயதில் ஸ்டுடியோ வேலைக்குப் போனாள். கதாநாயகி ஒப்பனை அறையில் இருக்கும்போது, கேமராவுக்கு முன்னால் அவள் இடத்தில் போய் நிற்க வேண்டும். விளக்குகளைச் சரிசெய்து முடித்ததும் விலகிவிட வேண்டும். பன்னிரண்டு வருடம் நின்றாள். ஒரு படத்திலும் அவள் முகம் வந்ததில்லை. தம்பி படித்தது அந்தச் சம்பளத்தில். அவனைக் கெஞ்சிக் கூத்தாடி ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டதும் அவள்தான். அதே வாசல் வழியாக உள்ளே போனவன் பெண்களின் கண்ணீரை வைத்து முப்பது தொடர்கள் எடுத்துப் பெரிய மனிதன் ஆனான். அவள் மட்டும் கெட்ட பெயர் எடுத்தவள் ஆனாள். ஒரே தொழில், ஆணுக்கு மாலை, பெண்ணுக்குக் கறை. எந்த மகராசன் எழுதிவைத்த நியாயமோ.

சேனல்காரர்கள் வந்து கூடத்தில் நாற்காலி போட்டு விளக்கு வைத்தார்கள். தயாரிப்பாளரின் வாழ்க்கையைப் பற்றி ஒரு மணி நேர நிகழ்ச்சி. அவர் மாடியில் பவுடர் பூசிக்கொண்டிருந்தார். தலை நரைத்த கேமராமேன், தண்ணீர் கொண்டுவந்த அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, ரெண்டு நிமிஷம் இதுல உக்காருங்க. லைட் பாக்கணும்."

உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலேயே தாடையை ஒரு விரற்கடை தூக்கி, இடது தோளைச் சற்றே திருப்பினாள். வெளிச்சம் முகத்தில் சரியாக விழுந்தது.

"முன்னாடி செட்ல நின்னிருக்கீங்களா?"

வாசலில் கார் சத்தம் கேட்டது. "வேலை கிடக்கு," என்று அவள் எழுந்து போனாள்.

சம்பந்தியம்மா சோபாவில் அமர்ந்தாள். "சினிமாக்கார சம்பந்தின்னு சொல்லிக்கவே பெருமையா இருக்கு. உங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் போகலையே, அதுவே நிம்மதி."

"எங்க வீட்ல அந்தப் பேச்சுக்கே இடமில்லை," என்றார் தயாரிப்பாளர்.

சமையலறைக்குக் கதவு கிடையாது.

கேமரா ஓடியது. "உங்களை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது யார் சார்?" என்று நிகழ்ச்சி நடத்தும் பெண் கேட்டாள்.

"யாருமில்லைம்மா. சொந்தக் கால்ல நின்னவன் நான்."

"சார், தாடையைத் தூக்குங்க, கண்ணு இருட்டுல போகுது," என்றார் கேமராமேன். தயாரிப்பாளர் தூக்கினார், அதிகமாகிவிட்டது. இறக்கினார், மறுபடி இருட்டு. "அந்தம்மா உக்காந்த மாதிரி உக்காருங்க சார். தண்ணி குடுத்தாங்களே."

"அது வேலைக்காரி," என்றார் தயாரிப்பாளர்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். இரண்டு விரலால் அவர் தாடையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இவ்வளவுதான் தம்பி. உன்னைப் படிக்க வைக்க இப்படித்தான் பன்னெண்டு வருஷம் லைட்டுக்கு நின்னேன்." பிறகு சம்பந்தியம்மாவிடம் திரும்பினாள். "நான் இவனோட கூடப்பொறந்த அக்கா."

சம்பந்தியம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கட் பண்ணுங்க," என்றார் தயாரிப்பாளர். "இதெல்லாம் வரக் கூடாது."

கேமராமேன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது சேனல் நிகழ்ச்சி சார். இதுக்கு நீங்க தயாரிப்பாளர் இல்ல."

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துத் தம்பியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தாடையை ஒரு விரற்கடை தூக்கினாள்.

"இவனை யாரு கொண்டுவந்தாங்கன்னு கேட்டியேம்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம். "இப்பக் கேளு."