கறுப்புக் குடை பிடித்த வயதான அம்மா

மேனேஜர் படியிறங்கிப் போனதும் அக்கா நாற்பது வரை எண்ணுவாள். நிதானமாக எண்ணுகிற ஆளா அவள்? இருபதைத் தாண்டுவதற்குள் செருப்பு காலில் ஏறியிருக்கும், முப்பதுக்குள் கதவில் பூட்டு தொங்கும். கறுப்புக் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, தம்பிக்கு ஐம்பது அடி பின்னால் சுவரோரமாக நடக்கத் தொடங்கிவிடுவாள். வெயிலோ மழையோ, இரண்டும் இல்லாத மந்தாரமோ, குடை விரிந்தே தீரும். மூன்று வருடமாக நடக்கிற கூத்து இது.

மேனேஜர் என்பது தம்பிதான், எந்தக் கம்பெனிக்கும் மேனேஜர் இல்லை. வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் நேராக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான், காலண்டரில் தேதி கிழிக்க மறந்தால் வீட்டை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். வயது முப்பத்து நாலு. பிறவியிலேயே எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வான். கற்றுக்கொண்டதை மட்டும் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்வான். பேச்சும் அப்படித்தான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பான், கேட்கிறவருக்குப் பொறுமை வேண்டும். அக்காவுக்கு அது மருந்துக்குக்கூடக் கிடையாது. அவன் வாயைத் திறப்பதற்குள் பதிலை அவளே சொல்லி முடித்திருப்பாள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டே பேர். அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை பத்து மணி ஷிப்ட். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை, முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. தம்பிக்கு சென்டரில் வேலை. அவனைப் போன்றவர்களுக்குப் பழக்கிக்கொடுத்து, வேலையும் கொடுக்கிற இடம். ஸ்பூன், முள்கரண்டி, டிஷ்யூ மூன்றையும் உறையில் போட்டு ஒட்டுவான். சாயங்காலம் சென்டர் வேன் வீட்டில் கொண்டுவந்து விடும். காலையில் மட்டும் பஸ்.

அந்த பஸ்ஸில் தனியாகப் போக சென்டர்க்காரர்கள் ஒரு மாதம் பழக்கினார்கள். "இனிமே நீங்க கூட வர வேண்டாம்" என்றார்கள். சரி சரி என்று பூம்பூம் மாடாகத் தலையாட்டிவிட்டு, மறுநாளே குடையை எடுத்தாள் இவள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் வரும். தனியாகப் பயணம் செய்கிறாரா? ஆம். கீழே அவள் கையெழுத்து.

விட்டுவிடத்தான் நினைத்தாள், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் ஸ்டாப்பில் அவன் செய்கிற காரியம் அவளை விடவில்லை. ஏழு முப்பத்தைந்துக்கு முதல் பஸ் வரும். படிவரைக்கும் கூட்டம். மேனேஜர் ஏறமாட்டான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நிற்பான். ஏழு ஐம்பதுக்கு இரண்டாவது பஸ் காலியாக வரும், அதில் முன்வாசல் வழியாக ஏறுவான். அவள் பின்வாசலில் ஏறிக் கடைசி சீட்டில் உட்காருவாள். சென்டர் வாசலில் அவன் இறங்குவான், ஆஸ்பத்திரி அடுத்த ஸ்டாப், அங்கே அவள் இறங்கி ஷிப்ட் தொடங்கும்வரை காத்திருப்பாள். கூட்டத்தைக் கண்டாலே நடுங்குகிற பயந்தாங்கொள்ளியை எப்படித் தனியாக விடுவது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்வாள்.

இப்படியே ஓடியிருக்கும், அந்த அறை காலியாகாமல் இருந்திருந்தால்.

சென்டர் நடத்துகிற வீடு ஒன்று அதே பஸ் தடத்தில் ஒன்பது ஸ்டாப் தள்ளி இருக்கிறது. நாலு ஆண்கள் சேர்ந்து இருப்பார்கள், சமைக்கவும் துணைக்கும் காலையும் மாலையும் ஓர் ஆள் வந்துபோவார், மற்றபடி அவரவர் பாடு அவரவருக்கு. அதில் ஓர் அறை காலி. மேனேஜரைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஜன்னலைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை. கதவில் இருந்த சாவியை ஐந்து தடவை திருப்பிப் பார்த்தான். "இது... யார்கிட்ட... இருக்கும்?" என்று கேட்டான். "உங்ககிட்டதான்" என்றார் சென்டர் மேடம். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் அவன் கேட்பது ஒன்றுதான்: சாவி எப்போ?

அக்காவுக்கும் ஆசைதான். முட்டி இன்னும் எத்தனை வருடம் தாங்கும், தனக்குப் பிறகு இவனுக்கு யார் என்று நினைத்தால் இன்றைக்கே அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அவன் போன வீட்டில் தான் மட்டும் என்று நினைத்தால் அனுப்பவே வேண்டாம் என்று தோன்றும். இரண்டு பக்கமும் இழுத்ததில் ஒரு மாதமாக அவள் ஓரிடத்தில் உட்காரவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மேடம் கூப்பிட்டனுப்பினார். சலவைக்கூடத்தில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினாள்.

"சொல்லவே கஷ்டமா இருக்கு" என்றார் மேடம். "அந்த வீட்லேர்ந்து இங்க வர்றதுக்கு, வர்ற பஸ்ல ஏறியாகணும். ஒண்ண விட்டா அடுத்ததுலயும் கூட்டம்தான் இருக்கும். நம்ம புது டிரெய்னர் ரெண்டு வாரமா தூரத்துல நின்னு கவனிச்சாங்க. உங்க தம்பிக்கு இன்னும் அந்தத் தைரியம் வரல. அடுத்து ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நான் கையெழுத்துப் போட்டாகணும்."

"தைரியமா? அவனுக்கா? யார் சொன்னது? பஸ்ஸில ஏறி இறங்குறது அவனுக்குத் தண்ணி பட்ட பாடு மேடம்" என்று பிடித்துக்கொண்டாள் அக்கா. மூன்று வருடமாக அவனைப் பயந்தாங்கொள்ளி என்றவள் இவள்தான். அடுத்தவர் சொன்னால் பொறுக்குமா?

டிரெய்னர் எழுதிய காகிதத்தை மேடம் அவள் பக்கம் தள்ளினார்.

"முதல் பேருந்தைத் தினமும் தவறவிடுகிறார். அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்கிறார். நிறுத்தத்தில் தினமும் நிற்கும் கறுப்புக் குடை பிடித்த வயதான அம்மா ஒருவரைக் கண்டு பதற்றமடைவதாகத் தெரிகிறது. இறங்கிய பிறகும் பேருந்து கிளம்பும்வரை அங்கேயே நிற்கிறார். தயக்கம் அதிகம்."

வயதான அம்மாவா? ஐம்பத்தோரு வயசு வயதா? கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டா எழுதினாள் அந்த டிரெய்னர்? சுள்ளென்று வந்த கோபம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கிறார் என்ற இடத்துக்குக் கண் மறுபடி போனது. அப்படியானால் அவனுக்குத் தெரியுமா?

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிற அந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. சொன்னால், மூன்று வருடமாகப் போட்ட கையெழுத்தெல்லாம் பொய் என்று ஆகும். பொய் சொன்ன குடும்பத்துக்கா அறையைக் கொடுப்பார்கள்? எழுந்து வந்துவிட்டாள். சலவைக்கூடத்தில் தலையணை உறைகளைக் கொண்டுபோய் ஆபரேஷன் தியேட்டர் துணியோடு சேர்த்து அடுக்கினாள். "உனக்கு என்ன ஆச்சு இன்னிக்கு?" என்று சூப்பர்வைசர் கேட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

ஆறரைக்கு வேன் வந்தது. மேனேஜர் வந்தான், இரண்டு ஜோடிச் செருப்பையும் நேராக்கினான், கை கழுவினான், உட்கார்ந்தான்.

"மொத பஸ்ல ஏன் ஏற மாட்டேங்கிற? கூட்டத்தப் பாத்தா பயமா? பயம்தான?" கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று.

அடுத்த சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். குழாய் சொட்டியது. நடுவில் ஒருதரம் எழுந்து அதை இறுக்கிவிட்டு வந்தாள். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான். இப்படி ஒரு பதிலுக்காக அவள் காத்திருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"கூட்டம்" என்றான்.

அதைத்தானே நானும் சொன்னேன் என்று அவள் கிளம்பினாள். அவன் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினான். இன்னும் முடியவில்லை.

"கூட்டம். உனக்கு... சீட்டு கெடைக்காது. முட்டி வலிக்கும்."

"எனக்கா? நான் எங்கடா பஸ்ல வந்தேன்?" பழக்கதோஷம், பொய் தானாக வந்தது.

மேனேஜர் கதவுக்குப் பின்னால் பார்த்தான். ஆணியில் குடை தொங்கியது.

"எத்தன நாளாத் தெரியும்?"

"மொதல்லேர்ந்து."

"ஏண்டா சொல்லல?"

"நீ ஒளிஞ்சிருந்தே" என்றான். கொஞ்சம் கழித்து, "சொன்னா... உனக்கு வெக்கமா இருக்கும்."

"எறங்கினப்புறம் எதுக்கு நிக்கிற?"

"நீ... அடுத்த ஸ்டாப்பு. பஸ் போகணும்ல. பாத்துட்டு... போவேன்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவனுக்குக் காவல் போனதாக நினைத்திருந்தாளே, மூன்று வருடமாக இவளை ஏற்றி, உட்கார வைத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான் இவன். வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. போனை எடுத்தாள்.

"மேடம், அந்தக் குடை பிடிச்ச வயசான அம்மா நான்தான்."

"மூணு வருஷமா?" என்றார் மேடம்.

"மூணு வருஷமா. கையெழுத்தெல்லாம் பொய். அவன் பயப்படல மேடம், நான் உக்காந்து வரணுமேன்னு நின்னிருக்கான். தப்ப என் பேர்ல எழுதிக்குங்க. அறைய அவன்கிட்டேர்ந்து எடுத்துடாதீங்க."

மேடத்தின் பெருமூச்சு போனில் கேட்டது. "நாளைக்குக் காலைல நானே ஸ்டாப்புல நிக்கிறேன். ஏறினா ஏறட்டும், இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க வீட்ட விட்டு எறங்கக் கூடாது."

"வாசல் வரைக்கும்?"

"வாசலும் கூடாது."

மறுநாள் காலை அவனிடம் சொன்னாள். "இன்னிக்கு நான் வரல. மொத பஸ்ல ஏறிடு. அறை கெடைக்கணும்னா ஏறணும்."

"நெசமா வரலியா?"

"நெசமா."

மேனேஜர் நம்பவில்லை. எப்படி நம்புவான்? மூன்று வருடம் அடுப்படியில் நின்று "பாத்துப் போ, நான் தூங்கப் போறேன்" என்று சொன்ன வாய் இது. கதவுக்குப் பின்னால் போய்க் குடையை எடுத்துவந்து அவன் கையில் மாட்டினாள். அவன் குடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், படியிறங்கினான்.

அவள் பாட்டுக்கு எண்ணத் தொடங்கிவிட்டாள். இருபத்தொன்றில் பார்த்தால் செருப்பு காலில் இருக்கிறது. உதறினாள், ஒன்று கதவருகே, இன்னொன்று கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. ஜன்னலுக்கு ஓடினாள். தெருமுனையில் அவன் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று திரைக்குப் பின்னால் ஒளிந்தாள். ஒளிந்த பிறகுதான் உறைத்தது. அட மண்டு, இன்றைக்கும் ஒளிந்தால் வருகிறாள் என்றுதானே நினைப்பான். திரையை ஒரே இழுப்பில் ஒதுக்கிவிட்டு, வெறுங்கை இரண்டையும் தூக்கிக் காட்டியபடி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டுக்காரர் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு இவளையே பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

அவன் அவசரப்படவில்லை. அவனுக்குத் தெரியுமா அவசரம் என்றால் என்னவென்று? மணி ஏழு முப்பத்திரண்டு. போடா, போய்த் தொலைடா என்று பல்லைக் கடித்தாள். கடைசியில் ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தான்.

ஸ்டாப் ஜன்னலிலிருந்து தெரியாது. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே மெயின் ரோடு ஒரு கை அகலத்துக்குத் தெரியும். முதல் பஸ் அந்த இடைவெளியைக் கடந்தது. தலைகள், தலைகள், அவ்வளவுதான். ஏறினானா? யாரைக் கேட்பது? துடைத்த அடுப்பையே துடைத்தாள். தண்ணீர் குடித்தாள். காலண்டரில் இன்றைய தேதியையும் சேர்த்துக் கிழித்துவிட்டு, அவன் வந்து கத்துவானே என்று அதை ஒட்டவைக்கப் பசை தேடினாள். இரண்டாவது பஸ் காலி சீட்டுகளோடு போனது. அதில் இருந்தானா, அதுவும் தெரியவில்லை. எட்டேகாலுக்குப் போன் அடித்தபோது அவள் எடுத்த வேகத்தில் அது கைநழுவித் தரையில் விழுந்தது.

"மொத பஸ் வந்துச்சு" என்றார் மேடம். "ஏறல. ரோட்டத் திரும்பித் திரும்பிப் பாத்தார். யாரும் வரல. கண்டக்டர் விசில் அடிக்கிற நேரத்துல எல்லாரையும் தள்ளிக்கிட்டு ஏறிட்டார். நானே கஷ்டப்பட்டுத்தான் தொத்திக்கிட்டேன்."

"விழலையே?"

"சட்டப் பட்டன் ஒண்ணு போச்சு. கொடைய பஸ்லயே விட்டுட்டார். அக்கா திட்டுவாங்கன்னு ஒரே கவலை. மத்தபடி நான் இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க படிவத்தப் பத்தி அப்புறம் பேசணும்" என்றார்.

பேசட்டும், என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அக்கா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் பாதி, அந்த ஆணி காலியாக இருந்ததில் பாதி. பத்து மணி ஷிப்டுக்கு அன்றைக்குப் பத்தரைக்குப் போனாள்.

அடுத்த வாரம் அறைக்குக் குடிபோனான். சட்டைகளை அடுக்கி வைத்தாள். அவன் எல்லாவற்றையும் எடுத்து வேறு வரிசையில் அடுக்கினான். நாலு ஜோடிச் செருப்பு வாசலில் ஏற்கெனவே நேராகி இருந்தன. வைக்க வேறொன்றும் இல்லாமல் அவள் கதவருகே நின்றாள். அவன் வெளியே வந்து கதவைப் பூட்டினான், திறந்தான், பூட்டினான், சாவியைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம வரட்டுமா?" என்று கேட்டாள். வருகிறேன் என்று அவளே சொல்லிவிடாமல், உதட்டை மடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மேனேஜர் யோசித்தான். அவள் முட்டியைப் பார்த்தான்.

"வா" என்றான். "ரெண்டாவது பஸ்ல வா. உக்காந்துட்டு வரலாம்."